ஒரு வட்டத்துக்குள் நூற்றிருபத்திரண்டு சதவீதம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று பரீதா கேட்டபோது, மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். ஓய்வுபெற்றவர்கள் வாயைத் திறந்தால் கேட்கிறவர்களின் கை மேசைக்கு அடியில் கைபேசியைத் தேடிப் போகும். நானே அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தேன். ஆனால் பரீதா லேசில் விடுகிற ஆள் இல்லை. "புத்திமதி ஒண்டும் வாணாம் தாத்தா. அந்த வட்டப் படத்துக் கதைய மட்டும் எழுதுங்க" என்றாள். எழுதினால் உன் பெயரும் வருமே என்றேன். "வரட்டும், நான் இப்ப பெரிய ஆள்தானே" என்று சிரித்தாள். உண்மைதான். இன்று நீங்கள் யாரிடம் லீவு கேட்டு நிற்கிறீர்களோ, அந்தப் பரீதாவேதான் இவள்.

அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நான் பெண்தான். பரீதா மடவளைக்காரி, அவர்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். முதல் தடவை அவள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது மீசை ஏதும் முளைத்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது.

எங்கள் தொழிற்சாலை பல்லேகலவில் இருந்தது. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் இடம். நூற்றுக்கணக்கான கைகள் தைத்துக்கொண்டிருக்கும் அந்த இடத்தில், ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மூன்று நான்கு பேர் ஒரு சின்ன அறைக்குள் கணினிகளோடு உட்கார்ந்திருந்தோம். எந்த லைனில் எத்தனை சட்டை முடிந்தது, எத்தனை சட்டை குறையோடு திரும்பி வந்தது, எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை என்ற எண்களெல்லாம் எங்களிடம் வரும். அவற்றை விரிதாளில் போட்டு, வட்டமாகவும் கம்பமாகவும் படம் வரைந்து மேலே அனுப்புவோம். லைன் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தையல் மெஷின்கள் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குழு. ஒருத்தி கை தைப்பாள், அடுத்தவள் காலர் தைப்பாள், கடைசி மெஷினில் முழுச் சட்டை வந்துவிடும். எங்களிடம் அப்படி ஐந்து லைன்கள் இருந்தன.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் நான் புரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். மேலிடத்தார் எண்களைப் படிக்க மாட்டார்கள், படத்தைத்தான் பார்ப்பார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. அவர்கள் படத்தையும் பார்ப்பதில்லை. படத்தின்மேல் ஒட்டியிருக்கிற சதவீத லேபிளைப் பார்ப்பார்கள், அதோடு தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் ஒரு வாரம் பாடுபட்டுச் செய்த வேலை முழுவதும் அந்தச் சின்ன லேபிளுக்குள்தான் நிற்கிறது.

ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் 92 என்று தட்டிவிட்டு, பிறகு சதவீதப் பொத்தானை அழுத்திவிட்டார். அந்த மாத வருகை ஒன்பதாயிரத்து இருநூறு சதவீதம் என்று படத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்படிப்பட்ட பிழைக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. பார்த்தவுடன் சிரிப்பு வருகிற பிழையைச் சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். ஆனால் நம்பும்படியாக இருக்கிற பிழை இருக்கிறதே, அது நல்ல பிள்ளை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருக்கும். பரீதா எழுதச் சொன்ன கதை அந்த மாதிரிப் பிழையைப் பற்றியது.

எங்கள் முகாமையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயர் பலருக்கு மறந்தே போயிருந்தது. முகத்துக்கு முன்னால் சேர், சேர் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம்; முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் நூறு சேர்தான். எந்த வட்டப் படத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் வலது கைச் சுட்டுவிரலை மேல்நுனியில் வைத்து, மணிக்கூட்டு முள் போகும் திசையில் ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, வாய்க்குள் கூட்டிக்கொண்டே போவார். நூறு வந்தால், "ம், நூறு. வடிவு" என்று அழகை ரசிப்பதுபோலச் சொல்வார். தொண்ணூற்றொன்பது வந்தால் கோப்பு அப்படியே எங்கள் அறைக்குத் திரும்பி வந்துவிடும். நூற்றொன்று வந்தாலும் அதே கதிதான்.

தசம எண் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடும் என்பீர்கள். அதை நாங்கள் சொல்லாமல் இருந்திருப்போமா? அவருக்குப் புள்ளியைக் கண்டாலே ஆகாது. "புள்ளி மூண்டு சட்டை எங்கை பிள்ளை கிடக்கு? எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கோ பாப்பம்" என்பார். ஆகவே லேபிள்கள் எல்லாம் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். முழு எண்ணாக்கினால் சில நேரம் ஒன்று கூடும், சில நேரம் ஒன்று குறையும். முப்பத்து மூன்றே கால் சொச்சம் மூன்று தடவை வந்தால் கூட்டுத்தொகை தொண்ணூற்றொன்பது என்று நான் ஒருநாள் காகிதத்தில் போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அந்த ஒண்டு காத்திலயே பறந்தது?" என்றார். நான் காகிதத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மனிதர் கெட்டவர் இல்லை. கென்டீனில் எல்லாரோடும் வரிசையில் நின்று சோறு வாங்குவார், ஒரு பெண்ணிடமும் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. இந்த நூறு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது.

அதனால் எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது, நான் சேர்ந்தபோதே அது இருந்தது. கூட்டுத்தொகை ஒன்று குறைந்தால், இருக்கிற துண்டுகளில் ஆகப் பெரிய துண்டின் லேபிளைச் சொடுக்கி உள்ளே போய், கணினி போட்ட எண்ணை அழித்துவிட்டு, ஒன்று கூட்டிக் கையால் எழுதிவிடுவோம். இதற்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டுப் போடுவது. ஏன் பெரிய துண்டு? பெரிய துண்டுக்கு ஒன்று கூடினால் யாருக்கும் உறைக்காது என்பது எங்கள் எண்ணம். நூறு சேருக்கு நூறு வரும், கோப்பு திரும்பி வராது, நாங்களும் நேரத்துக்கு பஸ் பிடிக்கலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு லேபிளில் கையால் எழுதிவிட்டால் அதற்கும் விரிதாளுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகும். பிறகு கீழே எண்களை மாற்றினால் துண்டு பெருக்கும், சிறுக்கும், மற்ற லேபிள்களும் கூடவே மாறும். ஒட்டுப் போட்ட லேபிள் மட்டும் எழுதினது எழுதினபடி அசையாமல் இருக்கும். ஒவ்வொரு காலாண்டுக்கும் படத்தைப் புதிதாக வரைந்ததால் எங்கள் ஒட்டுகளெல்லாம் பழைய படத்தோடு போய்விடும். யாரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

இனி செல்வியிடம் வருகிறேன். செல்வி மூன்றாம் லைனின் சுப்பர்வைசர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவளுக்குக் கொடுத்திருந்த லைனில் முக்கால்வாசிப் பேர் புதியவர்கள், தோட்டங்களிலிருந்தும் கலகெதரப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். மெஷினின் பெடலை மிதித்தால் அது ஓடுகிற ஓட்டத்தில் கையை எடுத்துக்கொண்டு கத்துகிற பிள்ளைகள். முதல் காலாண்டில் அவர்கள் தைத்த காலர் ஒன்று வடக்கே பார்த்தால் மற்றது தெற்கே பார்த்தது. தொழிற்சாலை முழுவதிலும் குறையோடு திரும்பி வந்த சட்டைகளில் முப்பத்தெட்டு சதவீதம் அந்த ஒரு லைனுடையது. கூட்டுத்தொகை தொண்ணூற்றொன்பது வந்ததால் பெரிய துண்டில் ஒட்டுப் போட்டோம், முப்பத்தொன்பது ஆனது.

அந்தப் படத்தைக் கென்டீன் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மற்ற லைன்காரர்களுக்கு மூன்றாம் லைனின் பெயரே முப்பத்தொன்பது. "முப்பத்தொன்பது சாப்பிட வருது, வழிய விடுங்கடி" என்பார்கள். செல்வி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டாள். வேலை தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வெட்டிக் கழித்த துணியில் தைத்துப் பழக்கினாள். காலர் தைக்கிற பிள்ளைக்கு இடது கைப் பழக்கம் என்று கண்டுபிடித்து, துணி வைக்கிற தட்டை மற்றப் பக்கம் மாற்றிக் கொடுத்தாள். அடுத்த காலாண்டு முடிகிற நேரம் அந்த லைனில் சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் அந்தப் புது ஓர்டர் பற்றிய பேச்சு வந்தது. பெண்களுக்கான மேற்சட்டை, நுணுக்கமான வேலை. வாங்குகிற கம்பனி தன் கொழும்புக் கிளையிலிருந்து ஆளை அனுப்பி, எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லும். இதற்காக எங்கள் மேலிடத்தார் ஒரு தீர்மானம் எடுத்திருந்தார்கள். குறைச் சட்டையில் எந்த லைன் முதலில் நிற்கிறதோ அந்த லைனை உடைத்து, பிள்ளைகளை மற்ற லைன்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. வருகிறவர் முன்னாலேயே அதை அறிவித்து, குறையை நாங்கள் பொறுக்க மாட்டோம் என்று காட்டுவது.

அன்று காலையில் செல்வி எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்க லைனு எப்படிங்க வந்திருக்கு?"

"நான் இன்னும் பாக்கல செல்வி. பாத்திருந்தாலும் கூட்டத்துக்கு முன்ன சொல்ல ஏலாது."

"ஒடச்சிருவாங்களாக்கா?"

நான் கணினிப் பக்கம் திரும்பினேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் திரும்ப மெஷின்ல உக்காந்துக்குவேன், அது பரவாயில்ல. இந்தப் பிள்ளைங்க எல்லாம் ஒரே வேன்ல வர்றதாலதான் வீட்டுல விடுறாங்க. ஆளுக்கொரு லைன், ஆளுக்கொரு நேரம்னு பிரிச்சிட்டா, வேலைக்குப் போகாத, வீட்டுல இருன்னுடுவாங்க. இப்பதாங்க்கா கை பழகியிருக்கு."

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் கிடந்து குடைந்தது. ஆனால் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. முதல் நாள் தையல் மண்டபத்திலிருந்து எண்கள் பிந்தித்தான் வந்தன. நான் வருகைப் படங்களை முடித்துக்கொண்டிருந்தேன். பரீதா நேரத்தை மிச்சப்படுத்த, போன காலாண்டின் கோப்பையே பிரதி எடுத்து, புது எண்களை உள்ளே ஒட்டிவிட்டிருந்தாள். அவை சட்டைகளின் எண்ணிக்கைகள் மட்டும். சதவீதத்தைப் படம் தானே கணக்குப் பார்த்துப் போட்டுக்கொள்ளும். வழக்கமாக முதல் நாளே விரல் வைத்துப் பார்க்கிற நூறு சேர் அன்று கொழும்பில், விருந்தாளியை அழைத்துவரப் போயிருந்தார். ஆக, அந்தப் படத்தை யாரும் நிதானமாகப் பார்க்காமலே அது கூட்டத்துக்குப் போனது.

வந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. நல்ல மாதிரியான முகம். மீன் வைத்த மாலு பாணையும் பால் விடாத பிளேன்டீயையும் ஆசையாக எடுத்துக்கொண்டார். நான் கணினியை இயக்குவதற்காக முன்வரிசையில் இருந்தேன், பக்கத்துக் கதிரையில் பரீதா. வருகைப் படங்கள் நல்லபடியாகப் போயின. பிறகு அந்த வட்டம் திரையில் விரிந்தது.

மூன்றாம் லைன், முப்பத்தொன்பது சதவீதம்.

"அதே முப்பத்தொன்பது" என்று பின்னாலிருந்து யாரோ சலித்துக்கொண்டார்கள். எனக்குச் செல்வியின் முகம்தான் ஞாபகம் வந்தது. பாவி, இவ்வளவு பாடுபட்டும் ஒன்றுகூடக் குறையவில்லையா என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே பார்த்தபோதுதான் அந்தத் துண்டு கண்ணில் பட்டது. முப்பத்தொன்பது என்றால் கால் வட்டத்தைத் தாண்டி, அரை வட்டத்தை எட்டிப் பிடிக்கப் போக வேண்டும். இது கால் வட்டம்கூட இல்லை. பக்கத்தில் இருபது என்று போட்ட துண்டைவிட மெலிந்து இருந்தது. சின்னப் பிள்ளையின் சட்டையில் எக்ஸ்எல் லேபிள் தைத்த மாதிரி இருந்தது அது.

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பரீதாவும் திரையைப் பார்த்தாள். அவள் கை என் கையைப் பிடித்தது.

"அல்லாஹ்... அது என்ட ஒட்டு தாத்தா. போன முறை போட்டது."

"ம்."

"இப்ப வாணாம். கூட்டம் முடியட்டும், சேர்ட்ட தனியாப் போய்ச் சொல்லுவோம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. வெளியாள் முன்னால் எங்கள் அறிக்கையில் பிழை என்று நாங்களே எழுந்து சொன்னால், மிச்சப் படங்களை யார் நம்புவார்கள்? ஓர்டரே போய்விட்டால் ஐந்து லைனுக்கும் நட்டம். நானும் ஒரு கணம் சரி என்றுதான் இருந்தேன்.

அதற்குள் நூறு சேர் எழுந்துவிட்டார். லைனை உடைக்கிற அறிவிப்பைச் சொல்லத்தான் எழுந்தார். ஆனால் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றதும் அவர் விரல் தன்பாட்டில் வட்டத்தின் மேல்நுனிக்குப் போய்விட்டது. பழக்க தோஷம். எல்லாரும் கேட்கும்படியாகக் கூட்டத் தொடங்கினார்.

"இருபத்திரண்டு... நாப்பத்தாறு... எம்பத்தஞ்சு... நூத்தஞ்சு..."

விரல் அந்தரத்தில் நின்றது. இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. சோறு முடிந்த பிறகு வந்து உட்கார்ந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "நூத்தியிருபத்திரண்டு" என்றார்.

அந்தப் பெண்மணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எது நூற்றிருபத்திரண்டு என்று சிங்களத்தில் கேட்டார். நூறு சேரின் காது சிவந்துவிட்டது. "ஒண்டுமில்லை, ஏதோ சின்னப் பிழை" என்று சமாளித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடுத்த படத்தைப் போடுங்கோ பிள்ளை."

என் விரல் அந்தப் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் படம் போயிருக்கும், முப்பத்தொன்பது எல்லார் மனத்திலும் தங்கியிருக்கும். அந்த நேரத்தில் என் மூளை ஓடிய ஓட்டத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு கணம் உங்களுக்கும் வரும். முதலில், நான் நினைப்பது சரிதானா என்று கேட்டுக்கொண்டேன். துண்டு தப்பாக இருந்து லேபிள் சரியாக இருக்கலாம் அல்லவா? இருக்க முடியாது. துண்டை யாரும் கையால் இழுத்துச் சின்னதாக்க முடியாது, அது எண்ணிக்கையிலிருந்து தானாக வருவது. கையால் எழுதக்கூடியது லேபிள் ஒன்றுதான். ஆகவே படத்தை நம்பலாம். அடுத்தது, இப்போது சொல்லாவிட்டால் என்ன ஆகும்? சேர் அறிவித்துவிடுவார். விருந்தாளி முன்னால் அறிவித்த ஒன்றைப் பிறகு தனியாகப் போய்ச் சொல்லித் திருப்பியதை நான் எந்தத் தொழிற்சாலையிலும் கண்டதில்லை. எங்களுக்கு வருவது வெட்கம் மட்டும்தான். செல்வியின் பிள்ளைகளுக்குப் போவது வேலை.

"சேர், அடுத்ததுக்குப் போறதுக்கு முன்ன இந்த லேபிள ஒருக்கா பாத்துடுவோம்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. "மூணாம் லைனுக்குப் போட்டிருக்கிறது கையால எழுதின எண். ஷீட்டுல இருந்து வந்தது இல்ல."

அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த லேபிளைச் சொடுக்கி, வலது பொத்தானை அழுத்தி, எழுத்தைப் பழைய நிலைக்கு மீட்கிற கட்டளையைத் தட்டிவிட்டேன். திரையில், அத்தனை பேர் கண் முன்னால், முப்பத்தொன்பது மறைந்து பதினேழு வந்து நின்றது.

நூறு சேர் திரையை நெருங்கினார். மறுபடியும் விரலை மேல்நுனியில் வைத்தார். "இருபத்திரண்டு, நாப்பத்தாறு, அறுபத்துமூண்டு, எம்பத்துமூண்டு..." கடைசித் துண்டைத் தொட்டார். "நூறு."

இந்தத் தடவை வடிவு என்று சொல்லவில்லை. எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆர் இதில முப்பத்தொன்பது எண்டு எழுதினது?"

நான் வாயைத் திறக்குமுன் பரீதா எழுந்துவிட்டாள். "நான்தான் சேர் எழுதின. போன முறை கூட்டினா தொண்ணூத்தொம்பது வந்திச்சி. நீங்க திருப்பி அனுப்புவீங்கண்டு ஒண்ட கூட்டிப் போட்ட."

"அவ மட்டும் இல்ல சேர்" என்றேன் நான். "இந்த ரூமுல எல்லாரும் அப்படித்தான் செய்றோம். உங்களுக்கு நூறு வரணும்னுதான்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ர நூறுக்காகவோ?"

"ஆமா சேர்."

பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தார். இன்றைக்கு எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. மனிதர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் கண்டதில்லை. அந்தப் பெண்மணிக்கு யாரோ விஷயத்தை மொழிபெயர்த்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, எங்கள் கொழும்புக் கந்தோரிலும் இதேதான் நடக்கிறது என்றார். என் முன்னாலேயே திருத்தினீர்களே, இனி மற்றப் படங்களையும் நான் நம்பலாம் என்றும் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

எல்லாப் பிழையையும் எழுந்து நின்று சபையில் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுத்துப்பிழை, நிறம் மாறிப்போனது, தலைப்புக் கோணிப்போனது இவற்றையெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த எண்ணை வைத்து அந்த இடத்திலேயே ஒருவருடைய வாழ்க்கையை முடிவு செய்யப் போகிறார்களா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால் அப்போதே வாயைத் திறந்துவிடுங்கள், குரல் நடுங்கினால் நடுங்கட்டும். இன்னொன்று. நூறு சேரின் அந்த விரலை நாங்கள் எத்தனை தடவை திட்டியிருப்போம்! அந்த விரல் இல்லாவிட்டால் அன்று மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டிப் பார்த்தவர் செய்தது சரியான வேலை. கூட்டுத்தொகையைத் திருப்திப்படுத்த நாங்கள் போட்ட ஒட்டுதான் தப்பு. இப்போது உங்கள் படங்களுக்குக் கீழே, முழு எண்ணாக்கியதால் கூட்டுத்தொகை ஒன்று கூடலாம், குறையலாம் என்று ஒரு வரி வருகிறதே, அது அன்றைக்குப் பிறகு வந்தது. அதற்குப் பிறகும் சேர் கூட்டிப் பார்ப்பதை விடவில்லை. தொண்ணூற்றொன்பது வந்தால் கீழே இருக்கிற வரியைப் படிப்பார், கசாயம் குடித்த முகத்தோடு, "ஓம், சரி, இருக்கட்டும்" என்பார்.

அன்று கூட்டத்தில் எந்த லைனையும் உடைக்கவில்லை. "இருபத்துநாலுக்கும் பதினேழுக்கும் இடையில உடைக்க என்ன கிடக்கு?" என்றார் சேர். முப்பத்தெட்டிலிருந்து பதினேழுக்கு ஒரே காலாண்டில் இறக்கிய லைனைத் தான் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்மணி கேட்டார். எல்லாரும் தையல் மண்டபத்துக்கு இறங்கிப் போனோம்.

நாங்கள் கூட்டமாக வருவதைக் கண்டு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கூட்டத்தில் என்ன நடக்கப்போகிறது என்பது எல்லா லைனுக்கும் தெரியும், எல்லாக் கண்ணும் மூன்றாம் லைன் பக்கம் திரும்பின. செல்வி கழுத்தில் அளவு நாடாவோடு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. சேர் பேசத் தொடங்குமுன் செல்வியே பேசிவிட்டாள்.

"சேர், ஒடைக்கிறதுன்னா கையில இருக்கிற இந்த லொட்டுச் சட்டைய முடிச்சிட்டு ஒடைங்க. பாதியில வேற கைக்குப் போனா காலர் கோணிப்போயிரும்."

நூறு சேர் இரண்டு தடவை கனைத்தார்.

"உடைக்க வரேல்லை பிள்ளை. புது ஓர்டரை உங்களுக்குத்தான் குடுக்கவேணும் எண்டு இந்த மேடம் சொல்லிப்போட்டா, அதைச் சொல்ல வந்தனாங்கள்."

செல்விக்குப் புரியவில்லை. அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: பலகையில் போட இருந்த எண் பிழை, அது எங்கள் கந்தோர் விட்ட பிழை, இந்த முறை திரும்பி வந்த சட்டை நூறில் மூன்றாம் லைனுடையது பதினேழுதான். "தெரியாமல் உங்களை உடைக்கப் பாத்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று ஒரு முகாமையாளர் தையல் மண்டபத்தின் நடுவில் நின்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

காலர் தைக்கிற அந்தப் பிள்ளை வீல் என்று கத்தினாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பரீதா தேம்பித் தேம்பி அழுதாள், அழ வேண்டிய செல்வி அவளைத் தேற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. விருந்தாளிப் பெண்மணி கைதட்டினார்.

ஆரவாரம் கொஞ்சம் அடங்கியதும் செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றாள். பிறகு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, படு மரியாதையாகக் கேட்டாள்:

"நூத்துல பதினேழுதான் எங்களுதுன்னா, மிச்சம் எண்பத்து மூணு யாருதுங்க சேர்?"

அதுவரை எங்களையே வாய் பார்த்துக்கொண்டு நின்ற மற்ற நான்கு லைன்களிலும் ஒரே நேரத்தில் தலைகள் குனிந்தன, மெஷின்கள் எல்லாம் படபடவென்று ஓடத் தொடங்கின.